கடைசி வரியில் வரும் குற்றச்சாட்டு: ஆஸ்திரேலிய பைக்கி கும்பல்களும் குடும்ப வன்முறையும்

ஆஸ்திரேலியச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பைக்கி கும்பல்களைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் போலீஸ் பிரிவு அதிகாலையில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போகிறது. துப்பாக்கி, போதைப்பொருள், கட்டுக்கட்டாகப் பணம் என்று கைப்பற்றியவற்றின் பட்டியல் வருகிறது. செய்தியின் கடைசி வரியில், 'குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டும் பதிவாகியுள்ளது' என்று இருக்கும்.

கும்பல்களை ஆராய்ந்தவர்களும் பல காலம் இந்த வரியைக் கடைசி வரியாகவே நடத்தினார்கள். போதைப்பொருள் கடத்தல், பணமோசடி, கும்பல்களுக்கு இடையிலான துப்பாக்கிச் சண்டை ஆகியவையே ஆய்வுப் பொருளாக இருந்தன. வீட்டுக்குள் நடப்பது வேறு துறையின் வேலை என்று ஒதுக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில்தான், குறிப்பாக கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனத்தின் வேலைகளால், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் எதைக் கேட்கின்றன, எண்களை எப்படிப் படிக்க வேண்டும், போலீஸ், நீதிமன்றம், வன்முறையிலிருந்து தப்பி வருபவர்கள் தங்கும் காப்பகம் ஆகியவற்றின் வேலையில் இதனால் என்ன மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பைக் ஓட்டுபவர் வேறு, பைக்கி வேறு

ஆஸ்திரேலியாவில் லட்சக்கணக்கானோர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிறு பகுதியினரே போலீஸ் 'அவுட்லா மோட்டார்சைக்கிள் கேங்' என்று அழைக்கும் கும்பல்களில் இருக்கிறார்கள். பேச்சு வழக்கில் இவர்கள் 'பைக்கி'கள். சட்டத்துக்குக் கட்டுப்படாதவர்கள் என்று தாங்களே அறிவித்துக்கொள்வதுதான் இவர்களின் அடையாளம். 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த பைக் விழா ரகளையில் முடிந்தது. 'பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் ஒழுங்கானவர்கள்' என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னதற்குத் தன்னிடம் பதிவே இல்லை என்கிறது அந்தச் சங்கம். ஆனாலும் மிச்சமுள்ள ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று '1%' சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டன இந்தக் கும்பல்கள்.

ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் 1948இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. கமான்சேரோ, ரெபல்ஸ், ஃபிங்க்ஸ் போன்றவை 1960களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய மண்ணிலேயே முளைத்தவை. இன்று போலீஸ் பட்டியலில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் கும்பல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 'சாப்டர்' எனப்படும் கிளைகளாகப் பிரிந்திருக்கும். கிளைக்குத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. 'சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ்' என்றொரு பதவியும் உண்டு. உள் ஒழுக்கத்தைக் காப்பது இவர் பொறுப்பு. நடைமுறையில், தவறு செய்த சொந்த ஆட்களுக்குத் தண்டனை தருவது அந்த வேலையில் அடக்கம்.

உறுப்பினராவதற்குப் படிகள் உண்டு. முதலில் கூடவே சுற்றுவது. பிறகு 'நாமினி' ஆவது. வங்கிப் படிவத்தில் நாம் எழுதும் நாமினியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அது சொன்னதையெல்லாம் செய்து விசுவாசத்தை நிரூபிக்கும் பயிற்சிக் காலம். அதற்குப் பிறகுதான் மேற்சட்டையின் முதுகில் தைக்கும் கும்பல் சின்னமான முழு 'பேட்ச்' கிடைக்கும். பெண்கள் உறுப்பினராக முடியாது. மனைவியும் காதலியும் கும்பலுக்குள் எந்தப் பதவியும் உரிமையும் இல்லாமல், ஆனால் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களாக வாழ்கிறார்கள். இந்தக் கட்டுரையின் பாதிப் பொருள் இந்த ஒரு விஷயத்துக்குள் இருக்கிறது.

## வீடு ஏன் கணக்கில் வரவில்லை

1984 செப்டம்பர் 2, தந்தையர் தினம். சிட்னியின் மில்பெரா பகுதியில் ஒரு மதுவிடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் கமான்சேரோவும் பாண்டிடோசும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் 14 வயதுச் சிறுமி. 2009 மார்ச்சில் சிட்னி விமான நிலையத்துக்குள், பயணிகள் கண்ணெதிரே ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கும்பல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது, 'ராப்டர்' என்ற போலீஸ் படையையும் அமைத்தது. அந்தச் சட்டத்தை 2011இல், நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. 2013 செப்டம்பரில் கோல்ட் கோஸ்டின் ப்ராட்பீச்சில் உணவகங்கள் நடுவே அடிதடி நடந்தது. குயின்ஸ்லாந்து மாநிலம் கடுமையான புதுச் சட்டங்களைக் கொண்டுவந்தது, கூட்டரசு தேசிய கும்பல் எதிர்ப்புப் படையை அமைத்தது.

ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் பொது இடத்தில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது. கேமராவும் கூட்டமும் கிடையாது. அதனால் கும்பல் வன்முறை என்றால் ஆணும் ஆணும் தெருவில் மோதுவது என்ற வரையறை தானாகவே நிலைத்துவிட்டது. ஒரு பேட்ச் போட்டவனால் அன்றாடம் அதிகம் பயப்படுபவர் எதிரிக் கும்பல்காரர் அல்ல, அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்பது அந்த வரையறைக்குள் வரவேயில்லை.

## 'குடும்ப வன்முறை' என்று எதைச் சொல்கிறோம்

அடிப்பது மட்டும் அல்ல. ஆஸ்திரேலியச் சட்டங்களில் மிரட்டல், பின்தொடர்தல், பொருளை உடைத்தல், வளர்ப்புப் பிராணியைத் துன்புறுத்துதல், பணத்தைப் பிடித்து வைத்தல் எல்லாம் இதில் அடங்கும். ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையின் 2021-22 கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குப் பிறகு இணையரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்கள் 23 சதவீதம். ஆண்களில் இது 7 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

1. கட்டாயக் கட்டுப்பாடு ('கோயர்சிவ் கன்ட்ரோல்'). தனித்தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும் செயல்கள் தொடர்ந்து சேர்ந்து ஒருவரின் வாழ்க்கையையே அடைத்துவிடுவது. யாரிடம் பேசலாம், எங்கே போகலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது. நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல் இது தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. இந்நாள், முன்னாள் இணையர்களுக்கு மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும். குயின்ஸ்லாந்தில் 2025 மே முதல் குற்றம், 14 ஆண்டு வரை சிறை.

2. உயிர் போகாத கழுத்து நெரிப்பு. இதைத் தனியாகப் பார்க்கக் காரணம் உண்டு. முன்பு இணையரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவனால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்று 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியே காயம் தெரியாமல் போவதுதான் இதன் ஆபத்து. கழுத்தில் தடம் இல்லையென்று அனுப்பிவிடக்கூடாது. குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளி, சில நொடி நினைவிழப்பு, தன்னையறியாமல் சிறுநீர் போவது ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குயின்ஸ்லாந்து 2016இல் இதைத் தனிக் குற்றமாக்கியது.

## எண்ணுவது எப்படி, எங்கே வழுக்கும்

'பைக்கிகள் மனைவியை அதிகம் அடிக்கிறார்களா?' என்பது எளிய கேள்வி போலத் தெரியும். பதில் சொல்ல ஐந்து விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும்.

1. யார் உறுப்பினர்? கும்பல் தன் பெயர்ப் பட்டியலை வெளியிடாது. ஆய்வாளர்கள் போலீஸ் உளவுத் தகவலால் உருவான பட்டியலையே நம்புகிறார்கள். அதில் நாமினி, முழு உறுப்பினர், விலகியவர் எல்லாம் கலந்திருப்பார்கள். போலீஸ் கண்ணில் படாத அமைதியான உறுப்பினர் பட்டியலில் இருக்க மாட்டார். எனவே பட்டியல் கொஞ்சம் மோசமானவர்கள் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

2. எது பதிவாகிறது? 2016 கணக்கெடுப்பில், தற்போதைய இணையரால் வன்முறைக்கு ஆளான பெண்களில் 82 சதவீதம் பேர் போலீசை அழைத்ததே இல்லை. சாதாரண வீட்டிலேயே இதுதான் நிலைமை. போலீசிடம் பேசுவதையே துரோகமாகக் கருதும் வீட்டில் பதிவு இன்னும் குறையும் என்று எடுத்துக்கொள்வதே சரி.

3. யாரோடு ஒப்பிடுவது? இதில்தான் பெரும்பாலான செய்திகள் சறுக்குகின்றன. பொதுமக்களோடு ஒப்பிட்டால் எண் பயங்கரமாகத் தெரியும். அதே வயது, அதே ஊர், அதே அளவு பழைய குற்றப்பதிவு உள்ள, ஆனால் கும்பலில் சேராத ஆண்களோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கும். மீதமிருக்கும் இடைவெளிதான் 'கும்பல்' என்ற காரணத்தின் எடை. நெதர்லாந்தில் அர்யன் ப்ளாக்லாண்ட் குழுவினர் போலீஸ் அடையாளம் கண்ட பைக்கிகளை வயதொத்த சாதாரண மோட்டார் சைக்கிள்காரர்களோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குற்றத் தீர்ப்பு இருந்தது, பின்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. அந்த மூன்றில் ஒருவரையும் மறந்துவிடக்கூடாது. ஒப்பீட்டுக் குழுவின் எண் இல்லாமல் தனியாக வரும் எந்த சதவீதத்தையும் நான் நம்ப மாட்டேன்.

4. கண்காணிப்பின் சாய்வு. கும்பல்காரன் வீட்டுக்குப் போலீஸ் அடிக்கடி போவதால், மற்ற வீட்டில் தெரியாமல் போயிருக்கக்கூடிய வன்முறை இங்கே பதிவாகலாம். இது எண்ணைக் கூட்டும். பயத்தால் வாய் மூடுவது எண்ணைக் குறைக்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்று மற்றதைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை.

5. வெளியே இருந்த காலம். பத்து ஆண்டில் நான்கு ஆண்டு சிறையில் இருந்தவன் வீட்டில் அடித்தது குறைவாகத்தான் பதிவாகும். அதைக் கழித்துவிட்டு, வெளியே இருந்த ஆண்டுகளை வைத்தே விகிதம் போட வேண்டும்.

போலீஸ் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆஸ்திரேலிய ஆய்வுகள், கும்பல் உறுப்பினர்களிடம் குடும்ப வன்முறைப் பதிவு கூடுதல் என்றே காட்டுகின்றன. மேலே சொன்ன ஐந்தையும் மனதில் வைத்துப் படித்தால், இதற்கு 'பைக்கி எல்லாரும் மனைவியை அடிப்பவர்கள்' என்று பொருள் வராது. அப்படிப் பதிவு இல்லாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். இன்னொன்று: குடும்ப வன்முறையில் எந்தக் குழுவை எடுத்தாலும் தீங்கின் பெரும்பகுதி திரும்பத் திரும்பச் செய்யும் சிலரிடமே குவிந்திருக்கும். கும்பலுக்குள்ளும் யார் அந்தச் சிலர் என்று பிரித்தறிவதுதான் வேலை.

## சேருவதற்கு முன்பே அப்படியா, சேர்ந்ததால் ஆனானா

குற்றவியலில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. டெரன்ஸ் தார்ன்பெரியும் அவர் சகாக்களும் 1993இல் அமெரிக்க இளைஞர் கும்பல்களை வைத்து வகுத்தவை.

முதலாவது தேர்வு: ஏற்கெனவே வன்முறைப் பழக்கம் உள்ளவனைத்தான் கும்பல் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது தூண்டல்: சாதாரணமானவனைக் கும்பல் மாற்றுகிறது, விலகினால் பழைய நிலைக்குத் திரும்புவான். மூன்றாவது இரண்டின் கலப்பு: சாய்வு உள்ளவன் சேருகிறான், சேர்ந்தபின் அது கூடுகிறது. பெரும்பாலான கும்பல் ஆய்வுகளில் மூன்றாவதற்கே வலு அதிகம்.

இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தேர்வுதான் முழுக் காரணம் என்றால், கும்பலை உடைப்பதால் வீட்டில் எதுவும் மாறாது. பேட்சைக் கழற்றிவிட்டு வந்தாலும் அவன் அவனேதான். தூண்டல்தான் காரணம் என்றால், விலக உதவுவதே மனைவிக்கும் உதவி. கலப்பு என்றால் இரண்டையும் செய்தாக வேண்டும். கும்பலிலிருந்து விலகும் காலத்தைத் தனி அபாயமாகவும் பார்க்க வேண்டும். கெட்ட பெயரோடு வெளியேற்றப்படுபவன் பைக்கையும் வருமானத்தையும் கூட்டாளிகளையும் ஒரே நாளில் இழக்கிறான். உடலில் குத்திய கும்பல் பச்சையை அழிக்கவோ கறுப்பு மையால் மூடவோ வேண்டிவரும். அந்த அவமானத்தையும் ஆத்திரத்தையும் கொட்டுவதற்கு அவன் கைக்கெட்டும் இடம் வீடுதான்.

## கும்பல் கூட்டித் தருவது என்ன

ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது என்பது என் கருத்து. கும்பல்காரனின் வன்முறை 'அதிகமா' என்பதைவிட, அதிலிருந்து தப்புவது எவ்வளவு கடினம் என்பதே பெரிய கேள்வி. ஒரே அடி, ஒரே மிரட்டல். ஆனால் பின்னால் ஒரு அமைப்பு நிற்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது.

ஆட்கள். தனி ஆளான கணவன் வேலைக்குப் போகும் நேரத்தில் மனைவிக்கு எட்டு மணி நேரம் கிடைக்கும். கும்பல்காரன் வெளியூர் போனாலும், சிறைக்கே போனாலும், ஒரு நாமினி எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கலாம். அவன் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நிற்பதே செய்தி.

கண்கள். கார் பழுதுபார்க்கும் கடை, உடற்பயிற்சிக் கூடம், பச்சை குத்தும் கடை, கதவுக்காவல் என்று பல இடங்களில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கருவிகளும் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் குற்ற ஆணையம் 2024இல் வெளியிட்ட 'ஹக்கீயா' திட்ட அறிக்கை, மாநிலத்தில் கண்காணிப்புக் கருவி வாங்கிய 3,000க்கும் மேற்பட்டோரின் பின்னணியை ஆராய்ந்தது. 37 சதவீதம் பேர் குற்றச் செயலுக்காகப் போலீசுக்குத் தெரிந்தவர்கள். 25 சதவீதம் பேருக்குக் குடும்ப வன்முறை வரலாறு. 15 சதவீதம் பேருக்கு அமைப்புரீதியான குற்றத் தொடர்பு. வாங்கும்போதே தங்கள் மேல் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு இருந்தவர்கள் 126 பேர். எதிரியின் காருக்கு அடியில் ஒட்டும் அதே காந்தப் பெட்டியை மனைவியின் காருக்கு அடியிலும் ஒட்டுகிறார்கள்.

துப்பாக்கி. வன்முறையாளனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலை, பெண் கொல்லப்படும் வாய்ப்பை 5 மடங்கு கூட்டுகிறது என்பது ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் 2003இல் அமெரிக்காவில் கண்டது. ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு சட்டபூர்வத் துப்பாக்கி மேல் பிடி இறுகியது. கும்பல்காரனிடம் இருப்பது உரிமம் இல்லாதது. பதிவேட்டில் பார்த்தால் 'துப்பாக்கி இல்லை' என்றுதான் வரும். அந்த விடையை அபாய மதிப்பீட்டுப் படிவத்தில் அப்படியே எழுதுவது பெருந்தவறு. 'அவரிடம் துப்பாக்கி உண்டா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'வேண்டுமென்றால் யாரிடம் வாங்குவார்?' என்று கேட்க வேண்டும்.

பணம். வீடு, கார், கடை ஆகியவற்றைத் தன் பெயரில் வைத்தால் குற்றவழி வருமானம் என்று பறிமுதல் ஆகிவிடும். அதனால் மனைவி பெயரில் எழுதி வைப்பது நடக்கும். வெளியே சொன்னால் நீயும் உள்ளே போவாய் என்பதே பிறகு அவளைக் கட்டும் கயிறு. கையெழுத்துப் போட்டது மிரட்டலால் என்பதை நிரூபிப்பது பின்னாளில் அவள் தலையில் விழுகிறது. இந்தக் காரணத்தால் போலீசை விட்டு முதலில் வழக்கறிஞரிடம் போவதே சில பெண்களுக்குச் சரியான முதல் படி.

பேசாமை. போலீசிடம் பேசினால் கும்பலுக்கே துரோகம். அடித்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாலும், வீட்டுக்குள் வரும் போலீஸ் மற்றதையும் பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கணவன் அவளைத் தண்டிக்க நினைக்காவிட்டாலும் மற்றவர்களுக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண வழக்கில் இல்லாத அபாயம் இது.

## கொலையில் முடியும் பாதை

ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வு, 2007 ஜூலை முதல் 2018 ஜூன் வரை ஆண் தன் இணையரான பெண்ணைக் கொன்ற 199 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, மூன்று பாதைகளைப் பிரித்தது. 33 சதவீதம், வெளியே ஒழுங்கானவனாகத் தெரியும், உள்ளே சந்தேகமும் கட்டுப்பாடும் நிறைந்த, அவள் விலகும்போது கொல்பவன். 40 சதவீதம், குடி, போதை, பழைய குற்றப்பதிவு, ஓயாத வன்முறை என்று போலீசுக்கு நன்கு தெரிந்தவன். 11 சதவீதம், உடல்நலம் அல்லது மனநலம் சரிந்து, நெருக்கடியில் கொல்பவன்.

இந்த வகைப்பாடு கும்பல்காரர்களுக்கென்று செய்யப்பட்டதல்ல. ஆனால் இதை வைத்துப் பார்த்தால் கவலை ஒன்று எழுகிறது. கும்பல்காரனுக்கு இரண்டாவது வகையின் குற்றப்பதிவும் இருக்கலாம், முதல் வகையின் திட்டமிட்ட கட்டுப்பாடும் இருக்கலாம். குற்றப்பதிவைப் பார்க்கும் அதிகாரி 'குடித்துவிட்டு அடிப்பவன்' என்று முடிவு செய்துவிட்டால், அவள் விலகப்போகும் வாரம்தான் உச்ச அபாயம் என்பது கண்ணில் படாது.

## பாதுகாப்பு உத்தரவு எங்கே விட்டுப்போகிறது

நியூ சவுத் வேல்ஸை எடுத்துக்கொள்வோம். போலீசோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். தற்காலிக உத்தரவு உடனே கிடைக்கும். இறுதி உத்தரவு, நீதிமன்றம் வேறு காலம் சொல்லாவிட்டால், வயதுவந்தவர்கள் மேல் 2 ஆண்டு. தாக்காதே, மிரட்டாதே, பின்தொடராதே, பொருளை உடைக்காதே, பிராணியைத் துன்புறுத்தாதே என்பவை எல்லா உத்தரவிலும் இருக்கும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, திரும்பத் திரும்ப மீறினால் அதற்கும் மேல். 2017 நவம்பர் 25 முதல் ஒரு மாநிலத்து உத்தரவு நாடு முழுதும் செல்லும். மாநில எல்லை தாண்டிக் கிளைகள் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் இது மிகவும் பயன்படுகிறது.

பெரும்பாலான வழக்குகளில் இந்த உத்தரவு வேலை செய்கிறது. கும்பல் வழக்கில் மூன்று இடத்தில் பிடி நழுவுகிறது.

1. உத்தரவு ஒரு மனிதன் மேல். வாசலில் நிற்பது இன்னொருவன். அவனை இவன் அனுப்பினான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தால்தான் மீறல். மறைகுறியாக்கப்பட்ட செயலியில் போன செய்திக்கு ஆதாரம் கிடைப்பது அரிது. அதனால் வாசலில் நின்ற ஒவ்வொரு வண்டியின் எண், நேரம், தேதி ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே குறித்து வைப்பது அவசியம். ஒருமுறை தற்செயல், ஆறுமுறை வடிவம்.

2. காலில் மாட்டும் மின்னணுக் கண்காணிப்பும் அப்படியே. அது அவன் எங்கே என்று மட்டும் சொல்லும்.

3. சாட்சி. நியூ சவுத் வேல்ஸில் 2015 முதல், சம்பவம் நடந்தவுடன் போலீஸ் வீடியோவில் எடுக்கும் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டலாம். அவள் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. குறுக்கு விசாரணை மட்டும் உண்டு. அன்று நீதிமன்ற வராந்தாவில் பேட்ச் இல்லாத பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் போதும். தொலைவிலிருந்து காணொளி வழியே சாட்சி சொல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்வது இந்த வழக்குகளில் சலுகை அல்ல, அடிப்படைத் தேவை.

## கும்பல் சட்டத்தை வீட்டுக்குத் திருப்பினால்

கும்பல்களுக்காக உருவான சில கருவிகள் இங்கே நன்றாகப் பயன்படும். துப்பாக்கித் தடை உத்தரவு அவற்றில் முதன்மையானது. நியூ சவுத் வேல்ஸில் அந்த உத்தரவு உள்ளவரையும் அவர் வீட்டையும் வண்டியையும் வாரண்ட் இல்லாமல் போலீஸ் சோதிக்கலாம். உரிமம் இல்லாத துப்பாக்கி என்ற பிரச்சினைக்கு இதுவே நேரடி விடை. அமைப்புரீதியான குற்றத்துக்கான தடுப்பு உத்தரவை முன்மாதிரியாகக் கொண்டு, தீவிரக் குடும்ப வன்முறையாளர்களுக்கான தனித் தடுப்பு உத்தரவும் அங்கே 2024இல் சட்டமானது. 2023இல் தொடங்கிய 'அமராக்' என்ற தொடர் நடவடிக்கையில் மிக ஆபத்தான குடும்ப வன்முறையாளர்களை முன்கூட்டியே தேடிப் போய்ப் பிடிக்கும் முறை வந்தது.

அமெரிக்காவின் ஹை பாயிண்ட் நகரம் 2012இலேயே கும்பல் தடுப்பு முறையை வீட்டு வன்முறைக்கு மாற்றியமைத்தது. வன்முறையாளர்களை நான்கு படியாகப் பிரித்தார்கள். முதல்முறை புகார் வந்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம், கைதானவருக்கு அதிகாரி நேரில் எச்சரிக்கை, திரும்பச் செய்பவரைக் கூப்பிட்டு 'அடுத்தது என்ன' என்று தெளிவாகச் சொல்வது, மிக மோசமானவர் மேல் உடனடி வழக்கு. இதன் சிறப்பு, நடவடிக்கைக்கு அவள் புகாரை மட்டும் நம்பியிருக்காதது. 'உன்னைக் கவனிப்பது நாங்கள், அவள் அல்ல' என்று அவனிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. குடும்ப வன்முறையைக் கும்பலைப் பிடிக்கும் நெம்புகோலாக மட்டும் பயன்படுத்தும் ஆசை போலீசுக்கு வரும். போதைப்பொருள் வழக்கில் சிக்காதவன் இதில் சிக்குவான் என்ற கணக்கு. அப்போது அவள் பாதுகாக்கப்பட வேண்டியவராக இல்லாமல் தகவல் தருபவராக மாறிவிடுகிறார். சோதனை முடிந்து படை கிளம்பிப் போனபின் அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான். சோதனைக்கான நாளையும் நேரத்தையும் முடிவு செய்யும் கூட்டத்தில் காப்பகத்தின் ஆளும் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

நாடு கடத்தலும் இப்படியே. குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்கீழ் குற்றப்பதிவு உள்ள வெளிநாட்டவரின் விசாவை ரத்து செய்யலாம். 2021 முதல் குடும்ப வன்முறை அதில் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய அம்சம். ஆபத்தானவன் தொலைவுக்குப் போவது சில பெண்களுக்கு நிம்மதி. ஆனால் அவனை நாடு கடத்திவிடுவார்கள் என்பதாலேயே புகார் கொடுக்காத பெண்களும் உண்டு, குழந்தைகளின் தகப்பன் என்பதால். கமான்சேரோ, மங்கோல்ஸ் கும்பல்கள் நியூசிலாந்தில் வேர்பிடித்ததே இப்படி அனுப்பப்பட்டவர்களால்தான். பிரச்சினை கடல் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போனது.

## விலகும் வாரத்தில் கவனிக்க வேண்டியவை

குடும்ப வன்முறை ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்லும் பாதுகாப்புத் திட்டம் இங்கும் பொருந்தும், ஆனால் வரிசையும் தூரமும் மாறும்.

1. காப்பகம் உள்ளூரில் வேண்டாம். அந்தக் கும்பலின் கிளை எந்தெந்த ஊரில் உள்ளது என்பதைக் கும்பல் பிரிவுப் போலீசிடம் கேட்டுவிட்டே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கும்பலின் பெயரைக் காப்பகத்திடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே எதிரிக் கும்பல்காரனின் மனைவியும் தங்கியிருக்கலாம்.

2. காரை நம்பகமான, அவனுக்குத் தெரியாத பழுதுபார்ப்பவரிடம் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். சக்கர வளைவு, பம்பருக்குள், இருக்கைக்கு அடி, உதிரிச் சக்கரக் குழி. கருவி கிடைத்தால் பிடுங்கி எறியக்கூடாது. அது சாட்சியம், பிடுங்கியதும் அவனுக்குத் தெரிந்துவிடும். புகைப்படம் எடுத்துப் போலீசிடம் கேட்ட பிறகே அடுத்த வேலை.

3. காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுங்கச் சாலைக் கருவியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு அவன் பெயரில் இருந்தால், எந்தச் சாலையை எத்தனை மணிக்குக் கடந்தாள் என்பது அவனுடைய கணக்கில் ஏறிவிடும். கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, சுங்கம் இல்லாத பாதையில் போக வேண்டும்.

4. குழந்தைகளின் டேப்லட், கைக்கடிகாரம், விளையாட்டுக் கணக்கு ஆகியவை குடும்பக் கணக்கோடு இணைந்திருக்கும். அம்மாவின் ஃபோனை மாற்றிய பிறகும் பையனின் டேப்லட் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருவர் பெயரிலும் இருந்தால், புதிய ஊரில் மருத்துவரிடம் போகும் முன் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

5. உடனடி ஆபத்தில் 000. ஆலோசனைக்கு 1800 737 732, இரவும் பகலும். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை வழியாக இணைக்கச் சொல்லலாம்.

6. திட்டம் போடும் நாட்களில் பழைய ஃபோனைத் திடீரென்று அணைக்கக்கூடாது. அவன் பார்க்கும் ஃபோனில் வழக்கமான பேச்சும் வழக்கமான கடைகளும் அப்படியே ஓடட்டும். நூலகக் கணினி, தோழியின் ஃபோன், புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சல் ஆகியவற்றில் மட்டும் உண்மையான வேலை நடக்க வேண்டும். புதிய மின்னஞ்சலுக்கு மீட்பு எண்ணாகப் பழைய ஃபோன் எண்ணைக் கொடுத்துவிட்டால் இத்தனையும் வீண்.